உள்ளே நின்ற நேரம்

தேநீரில் சர்க்கரை போடாமல் கொடுத்ததற்கு நன்றி. கிழக்கே ஜாவாக்காரர்கள் பாகு காய்ச்சிக் கொடுப்பார்கள். மேற்கே எங்கள் பண்டுங்கில் தேநீர் என்றால் கசக்கத்தான் வேண்டும். கசப்பு சுத்தமான சுவை.

என் பெயர் ருக்மானா. 'லும்புங்' என்ற மென்பொருளை எழுதியவன். ஒரு கணினிக்குள் பல கணினிகளை ஓட வைப்பது அதன் வேலை. உள்ளே ஓடும் ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கணினி என்றே நம்பிக்கொண்டிருக்கும். மூலநிரல் திறந்தே கிடக்கும், யாரும் எடுத்துக்கொள்ளலாம். லினக்ஸ் இயங்குதளத்துக்காக எழுதினேன். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒரு பிசிறு கிடையாது.

பிறகு மரோஜாஹான் வந்து சேர்ந்தான். மேடானிலிருந்து வந்த பத்தாக் இனத்தவன், என்னைவிட இளையவன், அதனால் என்னை 'அபாங்' என்பான். லினக்ஸ் மட்டும் போதாது, ஃப்ரீபிஎஸ்டியிலும் நெட்பிஎஸ்டியிலும் லும்புங் ஓட வேண்டும் என்றான். "பழைய மெஷினை வெச்சுக்கிட்டு எத்தனையோ பேர் தவிக்கிறாங்க அபாங். கதவைத் தொறந்து வெச்சுட்டு உங்களுக்கு இடமில்லன்னு சொன்னா நல்லாவா இருக்கு?"

சரி என்றேன். அங்கேதான் அழுக்கு ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு இயங்குதளமும் கணினியின் சில்லிடம் வேலை வாங்கும் முறை வேறு. நேராகப் போன என் நிரலில் பக்கத்துக்குப் பக்கம் 'லினக்ஸானால் இப்படி, ஃப்ரீபிஎஸ்டியானால் அப்படி' என்று கிளைகள் முளைத்தன. துவைத்து விரித்த வெள்ளைத் துணியில் எச்சில் துப்பியதைப் போலிருந்தது எனக்கு.

அவன் சாப்பிடுவதையும் சொல்ல வேண்டும். ஜெங்கோல் கொட்டையை மிளகாய்ச் சாந்தில் புரட்டிக் கையால் தின்பான். அறை முழுக்க நாறும். அதே விரலால் என் திரையைத் தொட்டு, "இந்த வரிதான் அபாங்" என்பான். எண்ணெய் அங்கேயே நிற்கும். நான் துடைப்பதைப் பார்த்துச் சிரிப்பான். "அபாங் வீட்ல சோறுகூட வரிசையில நின்னுதான் வாய்க்குள்ள போகும்போல." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

மலைப்பக்கத்து மருத்துவமனை ஒன்றுக்கு அவன் லும்புங்கைப் பொருத்திக் கொடுத்தான், ஃப்ரீபிஎஸ்டியில். காசு வாங்கவில்லை. குறைமாதக் குழந்தைகளின் மூச்சைக் கண்காணிக்கும் நிரல் அதற்குள்தான் ஓடியது. இருபது நொடி மூச்சு வராவிட்டால் மணி அடிக்கும். எளிய ஏற்பாடு.

அந்த ஆண்டு, எல்லாத் தளங்களுக்கும் பொதுவான பகுதியில் கடிகாரத்தை நான் திருத்தி எழுதினேன். லினக்ஸில் வேகம் கூடியது. ஃப்ரீபிஎஸ்டியில், வேலைப்பளு ஏறும்போது, உள்ளே ஓடும் கணினிக்கு நேரம் நின்றுவிடும். நின்றது அதற்கே தெரியாது. சோதித்துப் பார்த்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்படியே வெளியிட்டேன். அவனுடைய பகுதி அவனுடைய பொறுப்பு.

மரோஜாஹான் வந்தான். "அபாங், ஃப்ரீபிஎஸ்டில கடிகாரச் சோதனை ஒண்ணு தோக்குது. எப்பவாச்சும்தான். உங்க மாத்தத்துக்கு அப்புறம்னு தோணுது. கொஞ்சம் பாக்கறீங்களா?"

"உன் சோதனைதான் தப்பா இருக்கும். எடுத்துடு."

"நீங்க சொன்னா சரி. அந்தக் குழந்தைங்க வார்டுக்காரங்க புதுப் பதிப்பு எப்போ எப்போன்னு உசிர வாங்கறாங்க."

"குடு, அவங்க ஏன் காத்திருக்கணும்" என்றேன். என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். சட்டையை மாற்றிக்கொண்டேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். வார்டு நிறைந்திருந்த ஒரு வாரத்தில் இரண்டு குழந்தைகளுக்கு மூச்சு நின்றது. மணி அடிக்கவில்லை. பழுது ஒன்றும் இல்லை. இருபதாவது நொடிக்காக அது பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தது. பக்கத்துத் தொட்டிலுக்கு வந்த செவிலிதான் முதலில் கண்டாளாம், உதடு நீலமாகியிருந்ததை.

மறுநாள் மரோஜாஹான் என் வீட்டுக்கு வந்தான். மூக்கு ஒழுக, என் நாற்காலியில் உட்கார்ந்து அழுதான். "சோதனையை எடுத்தது நான்தானே. என்னாலதானா அபாங்?"

"ஆமா" என்றேன். அவன் போனபின் நாற்காலியைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் வைத்தேன். அதற்குப் பிறகு அவன் ஒரு வரிகூட எழுதவில்லை. மேடானுக்குத் திரும்பி, யாரோடும் பேசாமல், அம்மா ஊட்டினால் மட்டும் சாப்பிடுகிறானாம்.

நீங்கள் என்னைத் தேடி வரவில்லை. நானாகத்தான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். அழுத்தம் தாங்காமல் என்று நினைக்காதீர்கள், நன்றாகத் தூங்குகிறேன். சென்ற வாரம் மருத்துவமனை அமைத்த விசாரணைக் குழு முடிவு சொன்னது. மரோஜாஹானின் பகுதியில் குற்றமில்லையாம், ஒழுங்காக எழுதப்பட்டதாம். பிழை பொதுப் பகுதியில் இருந்ததாம். ருக்மானாவின் கவனக்குறைவாம், மனிதர் யாருக்கும் நேரக்கூடியதாம், மன்னிக்கத்தக்கதாம்.

படித்ததும் வாந்தி வந்தது.

சரிசெய்யும் வரிகள் முதல் நாளே என்னிடம் இருந்தன. நாலே நாலு வரி. எழுதி, ஃப்ரீபிஎஸ்டியில் ஓட்டி, கடிகாரம் நிற்காமல் போவதையும் பார்த்துவிட்டுத்தான் என்னிடமே வைத்துக்கொண்டேன். அந்த வார்டில் என்ன ஓடுகிறது என்று தெரியும். எந்த நேரத்தில் நிற்கும் என்றும் தெரியும். ஒரு முறை அப்படி நடந்தால் அவனும் அவன் தளங்களும் என் நிரலைவிட்டு வெளியேறுவார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் செய்தேன்.

கொலை என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கவனக்குறைவு என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தக் குழந்தைகளின் பெற்றோர் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?