உப்புப் போட்ட சூப்

மரக்கறி சூப்புக்குப் பெரிய கைப்பக்குவம் வேண்டியதில்லை, மிஸ்ஸி. ஊர் மருத்துவமாது நீங்கள், உங்களுக்குத் தெரியாததல்ல. பறித்த கையோடு அடுப்பில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். என் கிணற்றடித் தோட்டத்தில் பூசணி, பயற்றங்காய், முருங்கைக்கீரை எல்லாம் உண்டு. இந்தக் கல்முனை மணலில் சும்மா காய்க்குமா? நாவிதன்வெளியிலிருந்து சாக்குச் சாக்காக வண்டல் கொண்டுவந்து கொட்டி, இருபது வருஷம் வாளியால் தண்ணீர் அள்ளி ஊற்றினேன்.

ஒரே மகள் சுஹறாவுக்குக் கலியாணம் முடிந்தபோது, ஊர் வழக்கப்படி வீட்டை அவள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்வளவுக் கொட்டிலுக்குப் போனேன். எல்லா உம்மாமாரும் செய்வதுதான். எனக்கு மனத்தாங்கல் இல்லை. என் வாசற்கதவை நானே தட்டிவிட்டு நிற்பதுதான் பழக்கப்படவில்லை.

ஒருநாள் அவள், "உம்மா, கிணத்தடி மரக்கறியெல்லாம் புடுங்கிட்டுச் சீமெந்து போடப் போறம். நுளம்புக் கடி கூடிப்போச்சி" என்றாள்.

"ஓம் மகள்" என்றேன். கோபமே வரவில்லை.

பிள்ளை வயிற்றில் இருந்த எட்டாம் மாதம் அவளுக்குக் கால் வீங்கியது. பிறஷர் ஏறிவிட்டது, உப்பைத் தொடக் கூடாது, தலையிடித்தால், கண் மங்கினால் உடனே ஆஸ்பத்திரி என்று நீங்கள் என்னிடம்தான் சொன்னீர்கள். பிள்ளை பயந்துவிடும், அவளிடம் சொல்ல வேண்டாம் என்றீர்கள். நானும் சொல்லவில்லை. மருமகன் ஜவுபர் அறுவடைக்காக வயல் வாடியில் தங்கியிருந்தார். சமைத்துக் கொடுக்க நான்தான்.

உப்பில்லாத சூப்பைப் பிள்ளை எப்படிக் குடிப்பாள்? தாராளமாகவே போட்டேன். "உம்மாட கை ருசி ஒருத்தருக்கும் வராது" என்று கேட்டு வாங்கிக் குடித்தாள். அப்படி ஆசையாக என்னோடு கதைத்து எவ்வளவோ நாளாகியிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நீங்கள் வந்தபோது, மகள் சாய்ந்தமருதுக்கு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள் என்றேன். அவள் அங்கே வரவேயில்லை என்று மாமியார் இப்போது சொன்னாராமே. உண்மைதான். திரைச்சீலைக்கு அப்பால் கட்டிலில் கிடந்தாள். விடிந்ததிலிருந்து, "தலை வெடிக்கிற மாதிரி இரிக்கி உம்மா, கண்ணும் தெரியல்ல, மிஸ்ஸியக் கூப்பிடுங்களன்" என்றே புலம்பிக்கொண்டிருந்தாள். உங்கள் சைக்கிள் மணி அவளுக்கும் கேட்டது. குரல்தான் எழும்பவில்லை.

நீங்கள் போனதும் இன்னொரு கோப்பை சூப் கொடுத்தேன். அசர் தொழுகை நேரம், பின்னேரம் வலிப்பு வந்தது. அது அடங்கிய பிறகுதான் அயலைக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையை உயிரோடு எடுத்தார்கள். அவளைக் காப்பாற்ற முடியவில்லை. நாற்பதாம் நாள் கத்தம் முடிந்ததும் நான் பெரிய வீட்டுக்குத் திரும்பினேன். பேத்தி நபீலாவை வளர்க்க ஒருத்தி வேண்டாமா? சீமெந்து மூட்டைகள் இறுகிக் கட்டியாகி வேலியோரம் கிடக்கின்றன. தோட்டம் அப்படியே இருக்கிறது.

கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். ஒரு தாய் செய்யக்கூடியதையெல்லாம் மகளுக்குச் செய்தேன். நேற்று ஊர்ப் பெரியவர்கள் வந்து, வீடு இனி நபீலாவுக்குத்தான் என்றார்கள். ஓம் என்றேன்.

பேத்திக்கு இன்றோடு ஆறு மாதம் முடிகிறது. மரக்கறி சூப் தொடங்கலாம் என்று கிளினிக்கில் நீங்கள்தானே சொன்னீர்கள். அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கிறது.

உப்பில்லாமல் பிள்ளை எப்படிக் குடிக்கும், மிஸ்ஸி?