புது மெஷின் படுத்துடுச்சு

– திரும்பவும் படுத்துடுச்சா?

– படுத்துடுச்சு மாமா. இன்னிக்கு எத்தனாவது தடவைன்னு எண்றதையே விட்டுட்டேன்.

– அடக் கொடுமையே! வாங்கி ஒரு வாரம்கூட ஆகலையேம்மா. மத்த எட்டு கம்ப்யூட்டரும்?

– அதுங்களுக்கு என்ன, ஜம்முனு ஓடுது. கார்ட்டூன் கம்பெனிக்காரங்க அனுப்புற வேலையை நம்ம புரோகிராம்தானே பிரிச்சுக் கொடுக்குது? எது காலியோ அதுக்குத் தள்ளும். புதுசுதான் காலி. ஒரு வேலையை வாங்கி மூச்சு விடுறதுக்குள்ள மிச்சமெல்லாம் அது தலையில வந்து விழுது.

– சரி, எழுப்பி விட்டா?

– எழுந்ததும் காலியாத்தானே இருக்கும்? மறுபடி மொத்தமும் அதுக்கே.

– நாசமாப் போச்சு! எந்த மகானுபாவன் இப்படி எழுதி வெச்சது?

– உங்க பையன்தான். வெளியூர் கிளம்புற அவசரத்துல எழுதினார்.

– அப்படியே அவங்கம்மா புத்தி.

– டீ கொண்டு வந்தேங்க. காதுல விழுந்துது.

– உன்னை யாரு சொன்னா? அங்க வெச்சுட்டுப் போ.

– மாமா, எங்கம்மாவோட கண் ஆபரேஷன் நாளைக்கு. பக்கத்துல யாருமில்ல. ஒரு வாரம் போயிட்டு வரேனே?

– அதெப்படிம்மா? இங்க ஃபோனை யாரு எடுப்பா? மாடியில சமையல், துணி, என் மாத்திரை? முதல்ல இந்த மெஷினுக்கு ஒரு வழி சொல்லு.

– நீங்களே சொல்லுங்க.

– இதுக்கு என்ன பெரிய யோசனை? புதுசா வந்ததுன்னா இளிச்சவாயா? ஒரு வாரம் அதுக்கு எந்த வேலையும் கொடுக்காதே. பழசுங்க சுமக்கட்டும், ஒண்ணும் குடி முழுகிடாது. பாவம், அதுவும் எவ்வளவுதான் தாங்கும்?

– ரொம்ப சரி மாமா. அப்ப நான் கிளம்பறேன்.

– எங்கே? ஏம்மா, நான் மெஷினைச் சொன்னேன்!

– நானும் இந்த வீட்டுக்குப் புதுசுதானே மாமா. வந்து மூணு மாசம்.

– அடேயப்பா... நல்லா மடக்கிட்டே என்னை. சரி, நான் பண்ணினதும் தப்புதான். போ, அம்மாவை நல்லா பார்த்துக்கோ. இங்க உங்க அத்தை சமாளிச்சுப்பா. ஏய், கேட்டுதா?

– கேட்டுதுங்க. ரெண்டு பெட்டியும் வாசல்ல வெச்சாச்சு.

– ஒரு வாரத்துக்கு எதுக்கு ரெண்டு பெட்டி?

– ஒண்ணு அவளுது, ஒண்ணு என்னுது. சம்பந்தியம்மாவுக்குத் துணையா நானும் போறேன். வீட்டுல இப்ப காலியா இருக்கிறது நீங்க ஒருத்தர்தான்.