வழக்கு இரண்டு வகைப்படும்

அட, உக்காரு செந்திலு. நீ நிண்ணுகிட்டே கேட்டா நான் நிண்ணுகிட்டே பதிலு சொல்லணும், எனக்க முட்டுக்கு அது ஆவாது. அந்த பெஞ்சுல ஒரு ஆணி உண்டு, பாத்து. டியூசன் பிள்ளையளுக்கு ஒக்க தெரியும். புதுசா வாற தகப்பன்மாருக்குத்தான் வேட்டி கிழியும்.

அஞ்சுவா? நல்லாத்தான் இருக்கா. ஆனா ஒனக்க மூஞ்சியப் பாத்தா பிள்ளைய விளிக்க வந்தவன் மாதிரி இல்ல, பிடிக்க வந்தவன் மாதிரியாக்கும் இருக்கு. ஒரு சாயா குடிச்சா சரியாவும். என்ன செய்ய, வீட்டுல உமையம்மாள் இல்ல. நான் போட்டா அது சாயா இல்ல, தண்டன.

விமலாவும் வீட்டுல இல்லியா? ஓ, நம்ம பொண்டாட்டிமாரு ரெண்டு பேரும் சேந்து எங்கயாவது போயிருப்பாவ.

எனக்க கையில மாட்டினா சட்டுனு தப்ப முடியாதுண்ணு பாறசாலையில எல்லாவனுக்கும் தெரியும். பள்ளிக்கூடத்துல தமிழ் சொல்லிக் குடுக்க முன்ஷி வாறாருண்ணு கண்டா சாயக்கடையில பேப்பர விரிச்சு மூஞ்சிய மூடுவானுவ. கண்டக்டர் ரெஜி எனக்கு டிக்கெட்டே தராம தாண்டிப் போயிருவான். தந்தா, டிக்கெட்டுக்கு நல்ல தமிழ் என்னண்ணு கேப்பேனாம். பொய்யில்ல, கேப்பேன்.

சரி, விசயத்துக்கு வாறேன். ஓணப் பரிச்சைக்கு முன்ன இஞ்ச வச்சு ஒரு கேள்வி கேட்டேன். வழக்கு எத்தனை வகைப்படும்? ரெண்டு. உள்ளத உள்ளபடி சொன்னா இயல்பு வழக்கு. சொல்லக்கூடாதத பூசி மெழுகிச் சொன்னா தகுதி வழக்கு. செத்தாருண்ணு சொல்லாம இறைவனடி சேந்தாருண்ணு சொல்லுகோம்லா, அது. ஒனக்க மக எந்திரிச்சா. ரெண்டு வக சார், கதவ தொறந்து வச்சிட்டு உள்ள வழக்கு, கதவ அடச்சிட்டு உள்ள வழக்கு. அடச்சிட்டு உள்ளதுதான் சார் கூடுதல் நேரம் இருக்கும்.

பிள்ளையள் ஒக்க சிரிச்சுப் போட்டுது. மலையாளத்துல வழக்குண்ணா சண்டையில்லியா, அதாக்கும் அவ சொன்னது. திருத்தணும்ணு நான் வாயத் தொறந்தேன். எங்க திருத்த? இலக்கணம் தப்பு, விடை சரி. விமலா கையில கட்டோட வந்து, கிணத்தடியில வழுக்கிட்டு அண்ணாண்ணு சொன்னாளே, அது தகுதி வழக்குண்ணு அப்பத்தான் மண்டையில ஏறிச்சு. நான் புத்தகத்துக்குள்ள தலைய விட்டு உதாரணம் தேடுகேன், அது முற்றத்துல கட்டுப் போட்டுகிட்டு நிக்குது. ஊரு என்னய அறிவாளிண்ணு சொல்லுது.

எங்க எந்திரிச்சிட்ட? உள்ள பாக்கவா? பாரு, நல்லாப் பாரு. அரிசிச் சாக்கும் அகராதியும்தான் உண்டு. பாத்தாச்சா? இனி உக்காரு. அவ எங்கேண்ணு இந்த ஊருல எனக்கு மட்டும்தான் தெரியும். நான் அத சொல்லுகது வர நீ இருந்துதான் ஆவணும். பாவம், எனக்கே ஒனக்க மேல இரக்கம் வருது.

பெறவு ஒருநா அவ சொன்னா, நான் சோத்த தட்டிவிட்டேன் சார், அதுனால அப்பா அம்மைய அடிச்சாரு. எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. சோறு கொட்டினதுனால அப்பா அம்மைய அடிச்சாருண்ணு போர்டுல எழுதினேன். எழுவாய் எது? அப்பா. செயப்படுபொருள்? அம்மை. பயனிலை? அடிச்சாரு. இதுல நீ எங்க பிள்ளே? அவ தேடினா, தேடினா, கிட்டல்ல. அந்த சோத்த அழிச்சுக் காட்டினேன். பாத்தியா, சோறு போனாலும் வாக்கியம் அப்பிடியே நிக்குது, நீ அதுல இல்லண்ணேன். பெரிய ஊருல இதுக்கெல்லாம் டாக்டர் உண்டாம், பேசிப் பேசியே பயத்த எடுப்பாவளாம். இவளுக்கு வாச்சது ஒரு முன்ஷி. ஆனாலும் அண்ணைக்கு பிள்ள ரெண்டு தடவ சோறு வாங்கித் தின்னுச்சு.

இன்னொண்ணும் சொல்லிக் குடுத்தேன். வழக்கு தொடங்கினா எடையில போய் நிக்காத, அம்மைய நீ காப்பாத்தாண்டாம், பின்வாசல் வழியா இஞ்ச ஓடி வந்திரு. வந்தா. அந்த அகராதிய தலைக்கு வச்சு தூங்குவா. எழுதினவன் கண்டிருந்தா சந்தோசப்பட்டிருப்பான். அஞ்சுண்ணு பேரு வச்சது நீதானே? அஞ்சுண்ணா ஒரு எண்ணு. பயப்படுண்ணும் ஒரு அர்த்தம் உண்டு. அவளுக்கு நீ ரெண்டாவதத்தான் சொல்லிக் குடுத்திருக்க.

கைய ஓங்காத மக்கா. அடிச்சா எனக்க கண்ணாடிதான் உடையும். பெறவு எனக்கு வாசிக்க முடியாது, பேச்சு மட்டுந்தான் மிச்சம். அது ஒனக்குத்தான் கஷ்டம்.

ஸ்... கேட்டியா? ரெயில்வே கேட்டு பக்கம் கூவுது. வண்டி ஸ்டேசன் விட்டாச்சு.

இனி நீ போலாம். ஓடாண்டாம், ஓடினாலும் கிட்டாது. விமலாவும் அஞ்சுவும் அதுலதான் இருக்காவ. தொணைக்கு உமையம்மாளும் உண்டு. ஒனக்கு சாயா கிட்டாத காரணம் அதாக்கும். தெக்கேயா வடக்கேயாண்ணு கேக்காத. எஸ்.டி.டி. பூத்து வச்சிருக்க ஆளுல்லா நீ, ஊரு ஊரா விளிச்சுப் பாரு. எனக்க இத்தன வருசப் பேச்சுல ஒருத்தருக்காவது உபயோகம் வந்தது இண்ணைக்குத்தான்.

பொறப்படுகதுக்கு முன்ன அஞ்சு கேட்டா, சார், வழக்கு நெசமாவே ரெண்டு வகதானாண்ணு. மூணாவது ஒண்ணு உண்டு பிள்ளே, அது கோர்ட்டுல போடுகது, நெய்யாற்றின்கரையில ஒனக்க அம்ம அதயும் போட்டாச்சுண்ணேன்.

மெள்ள எந்திரி மக்கா. ஆணி.