பச்சத் தொப்பியும் மஞ்சத் தொப்பியும்

இல்ல மேடம், பன்னெண்டாவது பக்கத்த மட்டும் தாண்டிப் போயிடுங்க. கதைக்குத் தேவைன்னுதான் வரஞ்சேன், இருந்தாலும் கவுருமென்ட்டு ஆபீசு.

எனக்கும் நாகேந்திரனுக்கும் நெசமாவே சிநேகம்தான்னு காட்ட எதுனா எட்த்தாந்து குடுன்னு நீங்கதான் சொன்னீங்க. சொந்தம் கெடயாது, சேந்து எடுத்த போட்டோவும் கெடயாது. நா கொரட்டூர்ல பேனர் டிசைன் பண்றவன். ஊர்ல கீறவன் மூஞ்சியெல்லாம் போட்டுட்டேன், எங்க ரெண்டு பேர் மூஞ்சி சேந்தாப்ல ஒண்ணுகூட இல்ல. அதான் இந்தப் படக்கத புக்கு.

இன்னா கதையா? அண்ணனூர் ஸ்டேஷனாண்ட டிவி கேம் கட ஒண்ணு இருந்திச்சு மேடம். ஸ்கூல் உட்டா நேரா அங்கதான். பச்சத் தொப்பி ஒருத்தன், மஞ்சத் தொப்பி ஒருத்தன், காட்டுக்குள்ள சுட்டுகினே போவானுங்க. நா பச்ச, நாகு மஞ்ச. அவனுங்களுக்கு இப்போ நாப்பது தாண்டிட்டா எப்டி இருப்பானுங்க, அதான் கத. பச்சக்கி தொப்ப உயுந்துடுச்சு. மஞ்சக்கி டைவர்சு. துப்பாக்கிய பீரோ மேல போட்டுட்டு ஆவடில ஃபேக்டரி வேலைக்குப் போறானுங்க.

அந்தப் பக்கத்துக்கே போய்ட்டீங்களா. அது மஞ்சத் தொப்பியும் வில்லன் சம்சாரமும். கேம்ல அதெல்லாம் இல்ல மேடம், கேம்ல அந்தம்மா கடசி ஸ்டேஜ்ல குண்டு மட்டும்தான் போடும். நாகுதான் கேட்டான். எத்தினி வருசம்டா குதிச்சிகினே இருப்பான், அவனுக்கும் ஆச இருக்காதான்னான். வாரத்துக்கு மூணு வாட்டி ஆஸ்பத்திரில கையில ஊசியோட படுத்துக் கெடக்கறவன், போரடிக்கும்ல. போறப்பல்லாம் ரெண்டு பக்கம் வரஞ்சி எட்த்துனு போவேன். நர்ஸம்மா வந்தா தலகாணிக்குக் கீழ சொருகிடுவான்.

கேம்ல ஆளுக்கு மூணு உயிரு மேடம். நாகு அவசரக்காரன், மொதல்லயே காலி பண்ணிடுவான். ரெண்டு பட்டனயும் சேத்து அமுக்கினா, கூட ஆட்றவன்கிட்ட மிச்சம் கீற உயிர்ல ஒண்ணு இவனுக்கு வந்துடும். என்னிய ஒரு வார்த்த கேக்க மாட்டான், அமுக்கிடுவான். அதுக்காவ எத்தினி சண்ட. ஆனா நா வேற எவனோடவும் சேந்து ஆடுனதில்ல.

என் சம்சாரமா? பவித்ரா வெளியதான் குந்திகினு கீறா, கூப்ட்டு வேணா கேளுங்க. கையெழுத்து போட்டுட்டா. அவளுக்குச் சம்மதம் இல்லாதது இந்த புக்குக்குத்தான்.

காசெல்லாம் ஒண்ணும் பேசல மேடம். அவன் கேக்கவே இல்ல, அதான் எனக்கு வருத்தம். அன்னிக்கி கேக்காமயே எடுத்துக்கினவன், இன்னிக்கி நானா தரேன்னா செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கறான். டாக்டரு எனக்கு ரெண்டும் நல்லா கீது, ஒண்ணே போதும்னுட்டாரு. நீங்க சரின்னு சொன்னா வெள்ளிக்கெழம என் கிட்னி ஒண்ண எடுத்து அவனுக்கு வெச்சிடுவாங்க.

புக்கு ஃபைல்லயே இருக்கணும்னா வெச்சிக்கங்க மேடம். பன்னெண்டாவது பக்கத்த மட்டும் கிழிச்சிக்கறேன், அவன் தேடுவான்.