மூணாவது விளக்குக் கம்பத்துல இல்லாத வேன்

ஹலோ... ஹலோ, யாரு?... ஆமா, நான்தான்... மேடம், வணக்கம் மேடம். இருங்க, கண்ணே இன்னும் திறக்கல... ஊக்கமருந்துச் சோதனைக்கு வந்திருக்கீங்களா? வாங்க வாங்க. தட்டுங்க, உள்ளதான் இருக்கேன்.

...எதைத் தட்டறதா? வேனைத்தான். பச்சை வேன். நீச்சல் குளத்துக்குப் பின்னாடி காலி மைதானம், மூணாவது விளக்குக் கம்பம். எழுதிக் குடுத்திருக்கேனே... ஆமா... ஆமா... கம்பம் இருக்குல்ல?... கம்பம் இருக்கு. வேன் இல்லையா?

...ஒரு நிமிஷம், திரையை விலக்கிப் பார்க்கறேன்.

...மேடம், மைதானத்தைக் காணோம்.

...இல்ல இல்ல, மைதானம் அங்கயேதான் இருக்கும். என் ஜன்னல்ல இல்ல. ஜன்னல்ல ரோடு போயிட்டிருக்கு. அண்ணன் வண்டியை எடுத்துட்டான்.

...கூடப் பிறந்த அண்ணன். அவன்தான் கோச், அவன்தான் டிரைவர், சமையலும் அவன்தான். நான் குண்டு எறியறதோட சரி... தெரியல மேடம். அரைத் தூக்கத்துல காதுல விழுந்துச்சு. காவலாளி ஒருத்தர் வந்து, இன்னைக்கு இங்க நாய்க் கண்காட்சி, இடத்தைக் காலி பண்ணுங்கன்னார். இவன் சரிங்க சார்னான். நான் கனவுன்னு நினைச்சேன்... உங்களைச் சுத்தி நாய் நிக்குதா?... எத்தனை?... அப்ப கனவு இல்ல.

மணி என்ன மேடம்?... ஆறு நாப்பது. சோதனைக்கு நான் எழுதிக் குடுத்த நேரம் ஆறுலேருந்து ஏழு. இன்னும் இருபது நிமிஷம் இருக்கு, போயிடாதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். ஏற்கனவே ரெண்டு தடவை ஆள் இல்லைன்னு எழுதிட்டாங்க. இதோட மூணு. மூணு ஆனா ரெண்டு வருஷம் தடை. உங்களுக்குத் தெரியாததா?

...முதல் தடவை எங்க தப்பு, ஒத்துக்கறேன். ஸ்டேடியம் வடக்கு வாசல்னு எழுதிட்டு தெக்கு வாசல்ல தூங்கினோம். ரெண்டாவது தடவை அநியாயம் மேடம். வெள்ளை வேன்னு எழுதியிருந்தேன். முந்தின நாள் அண்ணனுக்கு என்ன தோணுச்சோ, பச்சை பெயிண்ட் அடிச்சிட்டான். உங்க ஆபீஸ்காரர் ஒரு மணி நேரம் எங்க வேன் மேல சாஞ்சுக்கிட்டே வெள்ளை வேனைத் தேடியிருக்கார். அவர் சட்டை முதுகு பூரா பச்சை... அட, உங்ககிட்டயும் சொன்னாரா?

...போன் பண்ணா எடுக்கமாட்டான். வண்டி ஓட்டறப்ப போனைத் தொடறதில்லைன்னு சத்தியம். போனை அணைச்சு டப்பாவுல போட்டுப் பூட்டிடுவான்... தட்டினேனே, இப்பகூடத் தட்டறேன், கேக்குதா? அவன் சீட்டுக்கும் எனக்கும் நடுவுல மரத் தடுப்பு. அவனுக்குக் காதுல விழும், ஆனா திரும்பமாட்டான். வளைவுல எல்லாம் என் இரும்புக் குண்டு உருண்டு தடுப்புல இடிக்கும். இதையும் குண்டுன்னு நினைப்பான்... கத்தியும் பார்த்துட்டேன். பாட்டு வச்சிருக்கான், கூடவே பாடறான்.

...லொகேஷன் அனுப்பிட்டேன், பாருங்க. கார் இருக்குல்ல? டிரைவர் ஓட்டறாரா? நல்லதாப் போச்சு. சீக்கிரம் பிடிச்சிடலாம் மேடம், இவன் நாப்பதுக்கு மேல போகமாட்டான். இப்பதான் சைக்கிள்ல ஒரு பெரியவர் எங்களைத் தாண்டிப் போனார்.

...ஆமா... ஆமா... குதிக்கறதுக்கு நான் ரெடி மேடம், கதவு ரெடியில்ல. உள் கைப்பிடி போன வாரம் என் கையோட வந்துடுச்சு. மெதுவாத்தான் இழுத்தேன். வெளியிலேருந்து யாராவது திறந்தாத்தான் உண்டு.

இன்னொரு விஷயம் மேடம். எழுந்ததுலேருந்து ரொம்ப அவசரம். உங்களுக்காகத்தான் அடக்கி வச்சிருக்கேன். நீங்க வர்றதுக்குள்ள போயிட்டா அப்புறம் ஒரு குடம் தண்ணி குடிச்சு உக்காந்திருக்கணும். டிரைவரைக் கொஞ்சம் வேகமா ஓட்டச் சொல்லுங்க, பள்ளம் பார்த்து.

...வந்துட்டீங்களா? சாம்பல் கலர் காரா? தெரியுது தெரியுது. கை ஆட்டறேன் பாருங்க, பின் கண்ணாடியில... நான்தான். போர்வை போத்திக்கிட்டு... அப்பாடா. பார்த்துட்டீங்கல்ல? எழுதிக்குங்க, ஆறு நாப்பத்தொம்பது.

...ஏன் செல்லாது?

...நேர்ல பார்க்கணும். சரி. இது நேர்தானே?... நடுவுல கண்ணாடி இருந்தா நேர் இல்லையா? மேடம், தப்பா நினைக்காதீங்க, நீங்க மூக்குக் கண்ணாடி போட்டிருக்கீங்க. அதுவும் நடுவுலதானே இருக்கு?... சரி, சரி. பேசல.

அப்ப அண்ணன் பக்கத்துல போய் நிறுத்தச் சொல்லுங்க... சொல்லக்கூடாதா?... சோதனைன்னு வீராங்கனைக்குத் தவிர யாருக்கும் தெரியக்கூடாது. சரி, சோதனைன்னு சொல்லாதீங்க. டயர்ல காத்து இல்லைன்னு சொல்லுங்க... பொய் சொல்லக்கூடாது. நான் வேணா இங்கேருந்து டயரைப் பஞ்சர் பண்ணவா, நீங்க உண்மையே சொல்லலாம்?... இல்ல மேடம், சும்மா சொன்னேன். எழுதிடாதீங்க.

...ஐயோ, ஹாரன் அடிக்காதீங்க. வழி கேக்கறீங்கன்னு ஓரம் கட்டறான். பாருங்க, போங்க போங்கன்னு கையைக் காட்டறான். மரியாதை தெரிஞ்சவன்... நீங்க போகலைன்னதும் சந்தேகம் வந்துடுச்சு. மேடம், வேகம் எடுக்கறான். நாப்பத்தஞ்சு இருக்கும். மூணு வருஷத்துல இவன் இவ்வளவு வேகம் போய் நான் பார்த்ததே இல்ல... குண்டு உருளுது, காலை எடுத்துக்கறேன் இருங்க.

...மணி? ...ஆறு அம்பத்து மூணா?

மேடம், எனக்குப் பயமா இருக்கு. நிஜமாவே. தமாஷ் பேசறேன்னு நினைக்காதீங்க, பயந்தா நான் இப்படித்தான் பேசுவேன். அடுத்த மாசம் தகுதிப் போட்டி. ரெண்டு வருஷம் உக்காந்துட்டா எனக்கு முப்பத்தொண்ணு. அதுக்கப்புறம் யார் என்னைக் கூப்பிடுவா? ஒரு ஊசி போட்டதில்ல, ஒரு மாத்திரை போட்டதில்ல. தலைவலிச்சாக்கூட அண்ணன் ஈரத் துணிதான் கட்டுவான். இடத்துல இல்லைங்கிற ஒரே காரணத்துக்காக... நான் எங்கயும் போகல மேடம். படுத்த இடத்துலதான் படுத்திருக்கேன்.

...வாடகை வீடா? எங்களுக்கு யார் தருவா? மூணு இடத்துல குடியிருந்தோம். மாடியில குண்டைக் கை தவறிப் போட்டுட்டேன், கீழ இருந்தவர் சாப்பாட்டுத் தட்டுல கூரைக் காரை பேந்து விழுந்துச்சு. அடுத்த இடத்துல தரைத் தளமாப் பார்த்து எடுத்தோம், தரையே உள்ள போயிடுச்சு. அப்பதான் அண்ணன் ஓட்டிக்கிட்டிருந்த லாண்டரி வேனை வாங்கிக் கட்டில் அடிச்சான்... ஆமா... இல்ல, குறையொண்ணும் இல்ல. எந்த ஊர்ல போட்டின்னாலும் வாசல்லயே தூங்கலாம்.

...மெதுவாகுது. மேடம், மெதுவாகுது... நின்னுட்டான்... என்னது, ரயில்வே கேட்டா? கேட் போட்டுட்டாங்களா? அந்த கேட்காரர் நல்லா இருக்கணும். இறங்குங்க மேடம், ஓடி வாங்க... பையை எடுத்துக்குங்க... ஆறு அம்பத்தாறு...

சைட் கதவு. இல்ல, அது பெட்ரோல் மூடி. இன்னும் தள்ளி... ஆமா, அதேதான். மேல தூக்கிப் பின்னாடி இழுங்க... பலமா... நானும் உள்ளேருந்து தள்ளறேன்... என்ன?... ரயில் சத்தத்துல ஒண்ணும் கேக்கல, கத்திச் சொல்லுங்க... மூணு எண்ணிட்டு இழுக்கறீங்களா? சரி. ஒண்ணு... ரெண்டு...

வந்துடுச்சு. வணக்கம் மேடம். மணி என்ன?... ஆறு அம்பத்தெட்டு. நடுவுல ஒண்ணும் இல்ல, நல்லாப் பார்த்துக்குங்க... கேட்டைத் தூக்கறாங்க, ஏறிடுங்க. கையைக் குடுங்க... ஐயையோ, மன்னிச்சுக்குங்க, கொஞ்சம் வேகமா இழுத்துட்டேன். அடி பட்டுச்சா?... கதவு தானா மூடிக்கும், கிளம்பறப்ப... பார்த்தீங்களா. இனிமே அண்ணன் அடுத்து எங்க நிறுத்தறானோ அங்கதான் இறங்க முடியும். உங்க கார் பின்னாடி வருது, கவலைப்படாதீங்க.

முதல்ல குப்பியைக் குடுங்க மேடம், மத்ததெல்லாம் அப்புறம்... ஃபாரமா? சரி சரி, சீக்கிரம் எழுதுங்க. அடையாள அட்டை இந்தாங்க, நேரம் நீங்களே பார்த்துட்டீங்க... இடமா? இடம்னு என்ன எழுதறது? மைதானம்னு எழுத முடியாது. ரயில்வே கேட்னு எழுதலாம்னா, அதுவும் போயிடுச்சு... எழுதிட்டீங்களா? என்ன எழுதினீங்க? காட்டுங்க.

..."வீராங்கனையின் வீட்டில்."

...ஒண்ணுமில்ல மேடம். அழுகை வருது, அவ்வளவுதான். மூணு வருஷமா எங்களைப் பார்க்கன்னு யாருமே உள்ள வந்ததில்ல. உக்காருங்க... அதுல இல்ல, அது குண்டு வைக்கிற பெட்டி. கட்டில்ல உக்காருங்க, இப்படி... தலை, தலை, மேல அலமாரி. தண்ணி குடிக்கறீங்களா?... நான் எடுத்துத் தர்றேன், அந்த போனைக் காதுலேருந்து எடுங்க மேடம், எதிர்லதானே இருக்கேன்.