பூட்டாமல் விட்ட டெம்ப்ளேட்

லப்லாபிக் கொண்டைக்கடலைச் சூப்பில் ஹரிஸ்ஸா மிளகாய் விழுது கொஞ்சம் அதிகமானாலும் எனக்கு மதியம் முழுக்க நெஞ்செரியும் ஐயா. அன்று அளவாகத்தான் போட்டுச் சாப்பிட்டேன். நிதானமாக இருந்தேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

என் வேலை உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். எங்கள் கருவியில் ஒரு பெயரைக் கொடுத்துப் பொத்தானை அழுத்தினால், புதுத் தளத்துக்கான அடிப்படை நிரல் தானாக வந்து விழும். அந்த டெம்ப்ளேட்களை எழுதுபவன் நான். அவற்றுக்கு அடித்தளமாக இருக்கும் ஃபிரேம்வொர்க் என்ற ஆயத்த நிரல் புதுப்பதிப்பு கண்டால், அதற்கேற்ப அவற்றைத் திருத்துபவனும் நான்தான். தூனிஸில் தளம் கட்டுபவர்களில் பாதிப் பேர் என் நிரலில்தான் பிழைக்கிறார்கள். ஒருவரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை.

பழைய பதிப்பில், கடவுச்சொல் இல்லாதவர்களுக்குப் பக்கங்கள் தாமாகவே பூட்டியிருக்கும். புதியதில் அப்படியில்லை, பூட்டச் சொல்லி நாம் ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரியை நான் டெம்ப்ளேட்டில் எழுதவில்லை. மறக்கவில்லை ஐயா, மறப்பதெல்லாம் அவர்கள் வழக்கம். ‘இனி நீங்களே பூட்டிக்கொள்ள வேண்டும்’ என்று டெம்ப்ளேட்டோடு போகும் மாற்றக் குறிப்பில் தெளிவாக எழுதி வைத்தேன். படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது போதும்.

ஹைஃபா எங்கள் அலுவலகத்தின் நட்சத்திரம். பாரிஸில் படித்தவள், மேடைதோறும் பேசுபவள். காப்பிக் கோப்பையோடு என் மேசைக்கு வந்தாள்.

“நூரி, புது டெம்ப்ளேட் ரெடியா?”

“ரெடி. குறிப்பைப் படிச்சிட்டு எடுத்துக்கோ.”

“அட போப்பா! ஸ்ஃபாக்ஸ்காரன் கை பட்டதை யாராவது சோதிச்சுப் பாப்பாங்களா? ஓடுச்சுன்னா போதும்.”

ஸ்ஃபாக்ஸ் என் ஊர், அங்கத்தியர் வேலையே கதியென்று கிடப்பவர்கள் என்பது தூனிஸ்காரர்களின் கேலி. எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பாராட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டு போனாள்.

அவள் கட்டியது ஒரு பெண்கள் காப்பகத்துக்கான தளம். கணவனிடம் அடிவாங்கி ஓடிவந்தவர்களை எந்த வீட்டில் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பதைக் காப்பகப் பணியாளர்கள் மட்டும் பார்ப்பதற்காக. சம்பளம் வாங்காமல் செய்தாள், அதை எல்லோரிடமும் சொல்லவும் செய்தாள். தளம் ஓடியது. கேக் வெட்டினார்கள்.

கேக் துண்டோடு என் இடத்துக்கு வந்து, கைப்பேசியில் அந்தத் தளத்தைத் திறந்தேன். கடவுச்சொல் கேட்கவில்லை. ஜுஹைரா, ஒரு மகள், பார்தோ பகுதியில் ஒரு வீட்டின் இரண்டாம் மாடி. எல்லாம் இருந்தது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன், ஹைஃபா வாயில் கிரீமோடு படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தினமும் திறந்து பார்ப்பேன். தினமும் திறந்தே கிடந்தது.

ஜுஹைராவின் கணவன் டாக்சி ஓட்டுபவன், கணினி தெரியாதவன். இணையத் தேடலில் மனைவியின் பெயரை அடித்திருக்கிறான், முகவரி வந்திருக்கிறது. கத்தியோடு மாடியேறியிருக்கிறான். மகள் அப்போது பக்கத்து வீட்டில் இருந்தாள், அதனால் பிழைத்தாள்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருந்தால் ஹைஃபா அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டு, மறுபடியும் படிக்காமலே அடுத்த தளத்துக்குப் போயிருப்பாள். இப்போது ஹைஃபா ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படிக்கிறாளாம், இடையிடையே அழுகிறாளாம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. இத்தனை வருடத்தில் அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்தவன் நான் ஒருவன்தான்.