யந்திரபூபதியின் கடைசி வசனம்

— அப்படி இல்ல சேவியர், நான் என்ன சொல்லுதேன்னா, ஸ்டவ்வுல சுட்டுதுன்னு சொல்லிட்டா எல்லாருக்கும் நல்லது. ஒரே வார்த்தை. மண்ணெண்ணெய் ஸ்டவ். டாக்டர் எழுதிக்கிடுவார், முடிஞ்சுது.

— எங்க வூட்ல ஸ்டவ்வே இல்லீங்களே சோமசுந்தரம் சார். கரி அடுப்புதானுங்க.

— கரி அடுப்புன்னே சொல்லேன். அடுப்பா முக்கியம்?

— சார், அந்த சாத்துக்குடிய ஸ்டூல் மேல வச்சிட்டு மொதல்ல உக்காருங்க. எங்கூட்டு அடுப்ப மூட்றதும் நான்தான், அணைக்கறதும் நான்தான். இவுரு வலது கை மொத்தமும் அடுப்புல எப்பிடி வெந்துதுன்னு டாக்டர் என்னைக் கேட்டா, நான் இன்னா சொல்லட்டும்? கரண்டி கெடைக்கல, கையாலயே கொழம்ப கிளறுனாருன்னா?

— கோவப்படாத மரியசெல்வி. நீ என் கூடப்பிறந்த தங்கச்சி மாதிரி.

— கூடப்பொறந்த அண்ணனுக்கு ஒம்போது நாளா ஆஸ்பத்திரி வழி தெரியல போலருக்கு.

— செல்வி, கம்முனு இரு. சாரு எம்மாம் வேலைக்கு நடுவுல வந்துகிறாரு.

— பாத்தியா, அவனுக்குப் புரியுது. கலைஞன்லா! சேவியர், விரலை மடக்க முடியுதா?

— கட்டவெரலு மட்டும் கொஞ்சம் அசையுதுங்க. மத்த நாலும் நம்ம பேச்ச கேக்கல. மரத்துப்போய் கெடக்குது. ராவானா மட்டும் எரிச்சிக்கினே இருக்குதுங்க.

— எல்லாம் சரியாயிரும். விஞ்ஞானம் எவ்வளவோ முன்னேறிட்டுது.

— நாடகத்துல அப்பிடி சொல்லலியே சார் நீங்க. விஞ்ஞானத்தால மனுசன் அழிவான்னுதான ரெண்டு மணி நேரம் சொன்னீங்க?

— அது தத்துவம், மரியசெல்வி. இது ஆஸ்பத்திரி. ரெண்டையும் போட்டுக் குழப்பப்படாது. கி.பி. இரண்டாயிரத்தில் ஒரு விஞ்ஞானி நிலக்கரியைத் தின்று உயிர் வாழும் ஓர் இரும்பு மனிதனைப் படைக்கிறான். பூமியைத் தோண்டவென்று படைத்தான். அது தோண்டித் தோண்டி, கடைசியில் படைத்தவனுக்கே குழி தோண்டுகிறது. சீமையில இதை எப்பவோ எழுதிட்டான். தமிழ்ல ஒருத்தன் கிடையாது. பர்சனல் செக்சன்ல உக்காந்துக்கிட்டு, லீவு அப்ளிகேஷனுக்கு நடுவுல நான் எழுதினேன். யந்திரபூபதி!

— அது எனக்கு நல்லாவே தெரியும் சார். ‘மானுடனே! உன் மூளை ஈன்ற மகவு உன்னையே விழுங்கும் நாள் இது’ன்னு இவுரு ஷிப்டு முடிச்சு வந்து சோத்துல கைய வச்சிக்கினே கத்துவாரு. எங்க பாப்பா பயந்துக்கினு பக்கத்து வூட்டுக்கு ஓடிப்பூடும்.

— நல்ல வசனம் சார் அது. வாயில வராது, ஆனா நல்ல வசனம்.

— வாயில வராட்டாலும் ஒரு எழுத்து பிசகாம சொன்னல்லா! அதான் சேவியர் உன்கிட்ட எனக்குப் பிடிச்சது. அய்யாசாமி மாதிரி சொந்த சரக்கு சேக்க மாட்ட.

— சேர்த்தா நீங்க சும்மா வுடுவீங்களா? ஒத்திகைல அய்யாசாமி ‘ஐயையோ’ன்னு ஒரு வார்த்த கூடுதலா சொல்லிட்டாருன்னு ஆரம்பத்துலருந்து திருப்பி எடுக்க சொன்னீங்களே.

— பின்னே? எழுதினவன் எதுக்கு இருக்கான்? சரி, விசயத்துக்கு வருவோம். சேத்தப்போ தீக்காயம்னு மட்டும்தான் எழுதிருக்கு, டாக்டர் இன்னைக்கு ரவுண்ட்ஸ்ல கேப்பார். எப்படி ஆச்சுன்னு.

— ‘ஆண்டு விழால நாடகம் போட்டாங்க. சூப்பிரண்டு சோமசுந்தரம் சாரு கூப்பிட்டாரு, யந்திரபூபதி வேசத்துக்கு போய் தகரத்துக்குள்ள நின்னேன். தகரத்துல கரண்ட் ஏறிச்சு’ அப்பிடின்னு சொல்லுவாரு. நடந்தது அதானே?

— சொன்னா என்ன ஆகும் தெரியுமா? மேடைக்கு யார் லைன் குடுத்தா, யாரைக் கேட்டுக் குடுத்தான்னு விசாரணை வரும். அக்னி கலைக்குழுவை இழுத்து மூடிருவான். வேலுமணி பாவம், எலக்ட்ரீசியன், பிள்ளைகுட்டிக்காரன். அவன் தலைதான் உருளும். ஒயரை ஒழுங்கா சுத்தலேன்னு கேப்பான்.

— வேலுமணிய சொல்லாதீங்க சார். அவுரு டேப்பு நல்லாத்தான் சுத்தனாரு. மொழங்கையாண்ட கருப்பா டேப்பு தெரியுது, கி.பி. ரெண்டாயிரத்துல டேப்பு இருக்குமான்னு கேட்டு உரிக்க சொன்னது நீங்கதானுங்க.

— நம்பகத்தன்மைன்னு ஒண்ணு இருக்குல்லா...

— மொதல்ல தகரத்துல டார்ச் லைட்டு பல்பு தான போட்டிருந்தாரு. அதையும் மாத்த சொன்னது யாரு?

— கடைசி வரிசைல இருந்து பாத்தா மின்மினிப்பூச்சி மாதிரி தெரிஞ்சுது மரியசெல்வி! உலகத்தையே விழுங்க வந்த யந்திரம் மின்மினிப்பூச்சி மாதிரியா இருக்கும்? வீட்டு பல்பு நாலு போட்டதும் எப்படி இருந்துது தெரியுமா? ஜகஜ்ஜோதி! நான் என்ன கண்டேன், தகரம் ஒயரை அறுக்கும்னு? எங்க வீட்டு ஃப்யூஸ் போனாலே வேலுமணிக்குத்தான் ஆளனுப்புவேன்.

— வேர்வ வேற சார். உள்ள அனலு. எண்ண டிரம்மு தகரம் இல்ல? அப்பவும் ஒண்ணும் தெரியல. மரப்பலக மேல நின்னுக்கினு இருந்தேன் இல்ல. கடைசி சீன்ல முன்ன வந்தனா, தடுமாறி மைக்கு ஸ்டாண்டை புடிச்சேன். புடிச்சவன்தான். கைய எடுக்க முடியல. அது என்னைப் புடிச்சிக்கிச்சு.

— வேண்டாம்ப்பா, அதை விடு. நினைச்சா எனக்கே உடம்பு ஆடுது.

— இதுல ஒரு கூத்து பாத்தீங்களா சார்? இதே நாடகத்த நாம பண்ருட்டில போட்டிருந்தா, ராத்திரி எட்டு மணிக்கு டாண்ணு கரண்ட் போயிருக்கும். பொழச்சிருப்பேன். நம்ம ஊர்ல தான் கரண்டே போவாதே. கரண்ட்ட நாமளே செய்றோம் இல்ல?

— சிரிக்காதய்யா. உன் சிரிப்ப பாத்தா எனக்கு பத்திக்கினு வருது.

— அழுதா மட்டும் வெரலு மடங்குமா செல்வி?

— சார், நான் ஒண்ணு கேக்கறேன். எதுர்ல அத்தினி பேரு உக்காந்திருந்தாங்க. முக்காவாசி பேருக்கு கரண்ட் தான் சோறு போடுது. ஒருத்தன கரண்ட் அடிக்குதுன்னு ஒருத்தருக்கும் தெரியலியா? கை தட்றாங்க! விசில் அடிக்கறாங்க! நான் பொம்பளைங்க பக்கத்துலருந்து ஏறி ஓடறேன். கீழருந்து ஒருத்தன், ‘சூப்பர், பொண்டாட்டி வேசம் வந்துடுச்சுடா’ன்றான்.

— சீஃப் கெஸ்ட்டே என்கிட்ட கேட்டார்: கடைசியில் ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கிய அந்தப் பெண் யார், எவ்வளவு இயல்பான நடிப்புன்னு.

— நல்லா கேட்டாரு.

— அவரைக் குத்தம் சொல்ல முடியுமா? ஒப்பனை, வெளிச்சம்... யார் கண்டா? எல்லாரும் நடிப்புன்னுதான் நினைச்சோம். சிறந்த நடிகர் ஷீல்டே சேவியருக்குத்தான். கிளப்ல பத்திரமா வச்சிருக்கேன். கை சரியானதும் வந்து வாங்கிக்கிடலாம்.

— எந்தக் கையால சார்?

— செல்வி, போதும்டி.

— போதாது. சார், நேரா சொல்றேன். பத்து வருசமா சொரங்கத்துல கான்ட்ராக்ட்ல மண்ணு தள்ளிக்கினு கெடந்தாரு. இப்பதான் பர்மனென்ட்டுக்கு பேரு வந்துச்சு. அடுத்த மாசம் மெடிக்கல். இந்தக் கைய வச்சிக்கினு பாஸாவ மாட்டாரு, அது எனக்கும் தெரியும். ஆனா விழாவுல, ஆபீசருங்க கூப்பிட்டு, மேடையில அடிபட்டதுன்னு எழுதுனா, யாராச்சும் மனசு எறங்கி உக்காந்து பாக்கற வேல ஒண்ணு குடுப்பாங்க. வூட்டு அடுப்புல சுட்டுக்கினான்னு எழுதுனா, போடான்னுடுவாங்க. அவ்ளோதான். வேற ஒண்ணும் நான் கேக்கல. நடந்தத சொல்லவுடுங்க.

— நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லுதேன்ல? பர்சனல் செக்சன் யார் கையில இருக்கு? வாட்ச்மேன், பியூன், ஏதாவது ஒண்ணு. என் வார்த்தையை நம்பு.

— எழுதிக் குடுப்பீங்களா?

— எழுத்துல குடுக்கற காரியமா இது?

— நாடகம் மட்டும் எழுத்துல குடுத்தீங்களே.

— செல்வி! சார், அது படிக்காதவ கோவம், நீங்க மனசுல வச்சிக்காதீங்க. இதுல என் தப்பும் இருக்குதுங்க. வேசம் கட்ட நான்தான் ஆசப்பட்டேன். ‘கான்ட்ராக்ட் ஆளு ஒருத்தன் ஒசரமா இருக்கான், தகரத்த தாங்குவான்’னு அய்யாசாமி வந்து சொன்னப்ப, கால் தரையில நிக்கல எனக்கு. மேடை ஏறுனா நாலு பெரியவங்களுக்கு மொகம் தெரியும், மொகம் தெரிஞ்சா சீக்கிரம் பர்மனென்ட் ஆவும்னு ஒரு கணக்கு. அப்பறம்தான் தெரிஞ்சுது, தலையிலயும் தகரத்த மாட்டப்போறாங்க, மொகமே தெரியாதுன்னு.

— ஐயோ சேவியர்...

— அதனால என்ன சார். குரல் தெரிஞ்சிச்சில்ல.

— தெரிஞ்சுதுப்பா. ஊரே கேட்டுது.

— சரி சார். அடுப்புன்னே சொல்லிடறேன். நீங்க பெரியவங்க, சொன்ன சொல்லு மாற மாட்டீங்க. வேலுமணியும் பொழச்சிப் போவட்டும்.

— யோவ், இன்னா பேசற நீ? பாப்பாவ நெனச்சியா?

— வுடு செல்வி. சாரு பாத்துக்குவாரு.

— பாத்துக்கிடுதேன், பாத்துக்கிடுதேன். அப்பாடா, பெரிய பாரம் இறங்குச்சு. நீ மனுசன்யா! மரியசெல்வி, அந்த சாத்துக்குடியைப் பிழிஞ்சு குடும்மா அவனுக்கு. சேவியர், உன்கிட்ட இன்னும் ஒரு நல்ல சேதி சொல்லணும். இந்த விசயம் முடியட்டும்னு வச்சிருந்தேன். நம்ம நாடகம் கடலூர் போட்டிக்குத் தேர்வாயிட்டுது!

— நெசமாவா சார்?

— பொங்கலுக்கு மறுவாரம். யந்திரபூபதியா அய்யாசாமி. உன் உசரம் இல்லதான், என்ன செய்ய. இந்தத் தடவை டார்ச் பல்புதான், பயப்படாத. நானே கண்டிஷனா சொல்லிட்டேன்: கலையை விட உயிர் பெருசு!

— இப்ப தெரிஞ்சுதா.

— செல்வி... சார், நல்லா வரட்டும் சார். மனசு நெறஞ்சி சொல்றேன்.

— வரும். ஏன்னா இப்ப கடைசிக் காட்சி அப்படி அமைஞ்சிருக்கு. நடுவர் ஒருத்தர் அன்னைக்குக் கூட்டத்துல இருந்தார் கேட்டியா? சொன்னார்: ‘சோமசுந்தரம், ரெண்டு மணி நேரம் உங்கள் யந்திரம் பிரசங்கம் செய்தது. கடைசியில்தான் பேசியது.’ எப்படி! அதனால பழைய முடிவை எடுத்துட்டேன். ‘மானுடனே, உன் மூளை ஈன்ற மகவு’ எல்லாம் வெட்டிட்டேன். அந்தக் கதறலை அப்படியே எழுதிச் சேத்துட்டேன்.

— எந்தக் கதறல் சார்?

— அதான்யா, நீ மைக்கைப் பிடிச்சுக்கிட்டு... ‘செல்வி, கை ஒட்டிக்கிச்சு செல்வி, எரியுது, யாராச்சும் நிறுத்துங்கய்யா, எனக்குக் கொழந்தை இருக்குது’. அப்படியே. ஒரு எழுத்து மாத்தலை. ‘செல்வி’ங்கிறதை மட்டும் ‘பூமித்தாயே’ன்னு போட்டிருக்கேன். இலக்கியத்தரம் வேணும்ல... என்ன, ரெண்டு பேரும் ஏன் இப்படிப் பாக்குதீங்க?

— சார், அன்னிக்கு தட்டி ஓரத்துல உக்காந்து வசனம் எடுத்துக் குடுத்தது நீங்கதானே.

— நான்தான். வேற யாரை நம்ப முடியும்?

— ஸ்விட்சு எங்க சார் இருந்துச்சு?

— பக்கத்துல... தலைக்கு மேல. ஏன்ப்பா?

— எதுர்ல இருந்தவங்க கை தட்டுனதுல நாயம் இருக்குதுங்க. அவுங்களுக்கு இன்னா தெரியும், இது எழுதுனதா, எழுதாததான்னு. ‘ஐயையோ’ன்னு ஒரு வார்த்த கூடுனாலே கண்டுபுடிக்கறவரு நீங்க. புஸ்தகம் ஒங்க மடியில இருந்துச்சே சார். நான் கத்தறது அதுல இல்லன்னு ஒங்களுக்குத் தெரியாதா? சொல்லுங்க சார். நான் திட்ட மாட்டேன். சத்தியமா கேக்கறேன்.

— தெரியும் சேவியர். முதல் வார்த்தையிலயே தெரிஞ்சுது. ஆனா... அதுவரைக்கும் ஒருத்தன் கூட கை தட்டலியேப்பா.